டிரெமோலோவுக்கு மரக்கட்டை: மாறுவது ஒலியா, கையா?

எலெக்ட்ரிக் கிதாரில் பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை அசைக்கும் அமைப்புதான் டிரெமோலோ. அதன் கைப்பிடியான ஆர்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் கிதாரின் முதுகில் ஐந்து ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், வாசிக்கும் பலருடைய நிலைமை இதுதான். கம்பிகள் உட்காரும் பிரிட்ஜை மிதக்கவிடுவதா, உடலோடு படியவைப்பதா, மரக்கட்டை செருகி முடக்குவதா, இல்லை டிரெமோலோவே இல்லாத ஹார்ட்டெயில் கிதார் வாங்கிவிடுவதா? நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பெயரிலேயே ஒரு குளறுபடி. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது இதற்கு டிரெமோலோ என்று ஃபெண்டர் பெயர் வைத்தது. சுருதியை அசைப்பது வைப்ராட்டோ. டிரெமோலோ என்றால் ஒலியளவு ஏறி இறங்குவது. போகட்டும், தப்பான பெயரே ஊன்றிவிட்டது. நமக்கு வேண்டியது வேறு செய்தி: முதலில் செய்து பார்த்த வடிவத்தில் நாதம் நிற்கவில்லை. அதனால்தான் பிரிட்ஜுக்கு அடியில் கனமான ஸ்டீல் பிளாக்கைத் தொங்கவிட்டார்கள். ஆக, சஸ்டெயின் (நாதம் நீண்டு நிற்பது) பிரச்சினை இந்த அமைப்போடு கூடப் பிறந்தது.

மிதக்கும் பிரிட்ஜ் ஒரு தராசு. 10-46 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் பங்குக் கணக்கு) கம்பிகள் வழக்கமான சுருதியில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 47 கிலோ விசையோடு ஒரு பக்கம் இழுக்கின்றன, மறுபக்கம் ஸ்பிரிங்குகள். ஒரு கம்பியை பெண்ட் செய்தால், அதாவது விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால், அந்தப் பக்கம் இழுவிசை கூடும், பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி இறங்கும். பெண்ட் செய்யும் கம்பியே கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால், ஒரு முழு ஸ்வரம் ஏற்ற விரலை இன்னும் தூரம் தள்ள வேண்டியிருக்கும். ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே பக்கத்துக் கம்பியை நிலையாக ஒலிக்கவிடும் கன்ட்ரி பாணி வாசிப்பு இதில் வெறும் வேதனை. தடித்த ஈ கம்பியை டி-க்கு இறக்கினால் மற்றவை ஏறிக்கொள்ளும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் அந்தப் பாட்டு அவ்வளவுதான். ஆனால் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் போல ஆர்மைப் பிடித்துக்கொண்டே ஸ்வரத்தைப் பாட வைக்க வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது, பின்னால் உள்ள திருகுகளை இறுக்கி பிரிட்ஜ் தகட்டை உடலோடு படியவைப்பது. ஆர்மை அழுத்திச் சுருதியை இறக்கலாம், மேலே இழுக்க முடியாது. கிதார் கலைஞர் எடி வான் ஹேலன், தடித்த ஈ கம்பியைச் சட்டென்று டி-க்கு இறக்கும் டி-டியூனா கருவியைப் பயன்படுத்த முடிந்ததும் அவருடைய ஃபிளாய்ட் ரோஸ் (கம்பிகளைப் பூட்டும் வகை டிரெமோலோ) உடலில் படிந்து உட்கார்ந்திருந்ததால்தான். ஸ்பிரிங்குகளைப் போதுமான அளவு இறுக்கியிருந்தால் பெண்ட் தொல்லை பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். செலவு, ஒரு ஸ்குரூடிரைவர். கட்டையைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

இனி கட்டை. பின்மூடியைக் கழற்றினால் ஸ்டீல் பிளாக் குழிக்குள் தொங்குவது தெரியும். ஆர்மை அழுத்தும்போது அதன் அடிப்பகுதி கிதாரின் வால் பக்கமாக நகரும். தகட்டைப் படியவைத்துவிட்டு, வால் பக்க இடைவெளியில் அளவாகச் சீவிய கடின மரத்துண்டைச் செருகினால் பிரிட்ஜ் எந்தப் பக்கமும் அசையாது. தச்சுப் பட்டறையில் கிடைத்த தேக்குத் துண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து நான் பொருத்தியதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பசை வேண்டாம். வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம்.

ஒலி என்ன ஆனது? மீட்டும்போது முதல் தட்டு கொஞ்சம் கெட்டியாகக் கேட்டது, நீண்ட ஸ்வரங்கள் சற்றுக் கூடுதலாக நின்றன. அசையும் பிரிட்ஜ் தின்றுகொண்டிருந்த அதிர்வு கம்பியிலேயே தங்குகிறது என்று விளக்கலாம். ஆனால் ஆம்பில் ட்ரெபிள் குமிழை ஒரு கோடு திருப்பினால் வரும் மாற்றம் இதைவிடப் பெரிது. ‘கிதாரே வேறாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் பாதி தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். கையில் தெரிவதுதான் பெரிய மாற்றம்: கம்பி விறைப்பாக இருப்பதுபோல் தோன்றும், பெண்ட் சீக்கிரம் இடத்துக்கு வரும், உள்ளங்கையை பிரிட்ஜில் அழுத்தி வாசித்தாலும் சுருதி அசையாது. கை தைரியமாக அடிக்கும், காதும் அதை நம்பிவிடும்.

இதில் எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்வது ஸ்பிரிங்கை. பலமாக ஒரு கார்டு அடித்து, சட்டென்று இரு கைகளாலும் கம்பிகளை அமுக்கி, கிதார் உடலில் காதை வைத்துப் பாருங்கள். குழிக்குள் ஸ்பிரிங்குகள் ‘ஙொய்’ என்று முனகுவது கேட்கும். ஸ்ட்ராட்டின் காற்றோட்டமான ஒலி என்று சிலர் சொல்வதில் இந்த முனகலுக்கும் பங்குண்டு. ஆம்பில் கெயினை (ஒலியை முறுக்கேற்றும் குமிழை) கூட்டி வெட்டிவெட்டி வாசிப்பவருக்கோ இது தொந்தரவு. கட்டை வைத்தாலும் ஸ்பிரிங் இழுபட்டபடியே இருந்தால் முனகல் முழுதாகப் போகாது. அதனால் முதலில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வைத்து வாசியுங்கள். நீங்கள் தேடிய மாற்றம் அதிலேயே கிடைத்துவிட்டால் கட்டைக்கு வேலையில்லை.

சரி, அசையவே வேண்டாமென்றால் நேராக ஹார்ட்டெயில் வாங்கக்கூடாதா? வாங்கலாம். கிதார் கலைஞர் ராபர்ட் க்ரேயின் பெயரில் வந்த சிக்னேச்சர் ஸ்ட்ராட் அப்படிப்பட்டதுதான். கம்பி உடலைத் துளைத்துப் பின்னாலிருந்து வருகிறது. எரிக் கிளாப்டனும் ஆர்மைத் தொடாதவர்தான். ஆனால் 1988இல் வெளிவந்த அவருடைய சிக்னேச்சர் ஸ்ட்ராட்டில் ஹார்ட்டெயில் இல்லை, கட்டை வைத்த டிரெமோலோ! கனமான ஸ்டீல் பிளாக்கும் ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கின்றன, அசைவு மட்டும் கிடையாது. இரண்டும் ஒன்றல்ல. ஹார்ட்டெயிலில் அந்தக் குழியும் இல்லை, தொங்கும் உலோகமும் இல்லை; என் காதுக்கு அது கொஞ்சம் நேரடியாக, ஃபெண்டரின் இன்னொரு கிதாரான டெலிகாஸ்டர் பக்கம் சாய்ந்து ஒலிக்கிறது. கட்டை வைத்தது ஸ்ட்ராட்டாகவே ஒலிக்கிறது. புதுக் கிதார் வாங்குபவர் ஹார்ட்டெயிலைக் கேட்டுப் பார்க்கட்டும். கையில் ஏற்கெனவே ஸ்ட்ராட் இருப்பவர் அதற்காக இன்னொன்று வாங்குவது வீண் செலவு.

கட்டை இறுக்கமாகப் பொருந்திவிட்டால் ஸ்பிரிங்கையெல்லாம் கழற்றிவிடலாமே என்று தோன்றும். மூன்று நான்கைக் கழற்றுங்கள், முனகலும் குறையும். ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். கிரவுண்ட் ஒயர் ஸ்பிரிங் மாட்டும் கொக்கித் தகட்டில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கம்பிகளுக்கு கிரவுண்ட் போவது அந்த ஸ்பிரிங் வழியாக. நான் ஐந்தையும் கழற்றிவிட்டு, ஆம்பில் வந்த ‘ம்ம்ம்’ இரைச்சலுக்கு பிக்கப்பை (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) சந்தேகித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.