மூன்று வருடம் வண்டியில் சுமந்த கலர் பை: எது தங்கியது, எது குப்பைக்குப் போனது

பார்லர் வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் முடி வெட்டவும் கலர் போடவும் ஆரம்பித்து இந்த ஆடியோடு மூன்று வருடம் ஆகிறது. கோயம்புத்தூரில் வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி வரை சுற்றுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கலருக்கு என்னென்ன வாங்கி வைக்கணும்?" போனில் அரைகுறையாகச் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்படி நீங்கள் வாங்க வேண்டாம். ஆடித் தள்ளுபடி சமயம். கையில் 12,000 ரூபாய். ஷேட் கார்டை விரித்து வைத்து, செம்பு, சிவப்பு, பர்கண்டி, சாம்பல் என்று கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் எடுத்தேன். மொத்தம் 22 ட்யூப். பார்லரில் காலேஜ் பெண்கள் கேட்ட கலர்களை நினைத்து வாங்கியது அது. மறு வருடம் ஆயுத பூஜைக்குப் பையைக் கொட்டிச் சுத்தம் செய்தபோது ஒன்பது ட்யூப் குப்பைக்குப் போனது. சிலவற்றின் மூடியைக்கூடத் திறந்திருக்கவில்லை, தேதி தாண்டிவிட்டது. தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் தேதி நெருங்கிய சரக்கு என்பதை அன்றைக்குத்தான் ட்யூபின் மடிப்பைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் வேறு ஆட்கள். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் 40 வயதைத் தாண்டிய பெண்கள். முட்டி வலியால் பார்லர் படி ஏற முடியாதவர்கள், வீட்டில் மாமியாரைத் தனியே விட்டு வர முடியாதவர்கள், கண்ணாடிச் சுவருக்குள் தலையில் கலரோடு உட்காரக் கூச்சப்படுகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது வகிட்டிலும் காதோரத்திலும் எட்டிப் பார்க்கிற நரை மறைய வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பக்கம் மட்டும் போட்டால் போதும். அதனால் பையில் முதல் இடம் இயற்கை நிறங்களுக்கு.

கலர் எண் புரியாமல் கடைக்குப் போகாதீர்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆழம்: 1 கறுப்பு, 3 அடர் பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 இளம் பழுப்பு, இப்படியே 10 வரை வெளுத்துக்கொண்டு போகும். நம் ஊர்த் தலைமுடி பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். இதில் ஒரு சிக்கல்: அந்தச் சாயல் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லோரியல் கம்பெனியின் மேஜிரெலில் .5 என்றால் மஹோகனி (சிவப்பு கலந்த பழுப்பு), ஷ்வார்ஸ்காஃப் கம்பெனியின் இகோராவில் 5 என்றால் தங்கம். இரண்டு கம்பெனி ட்யூபை ஒரே பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் கல்யாண வீட்டு மங்கிய வெளிச்சத்தில் எண்ணை மட்டும் பார்த்து எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கலக்கும் அளவும் மாறும். மேஜிரெலுக்கு ஒரு பங்கு கலருக்கு ஒன்றரைப் பங்கு டெவலப்பர் (கலரோடு கலக்கும் பெராக்சைடு), இகோராவுக்குச் சரிக்குச் சரி. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒன்றைப் பிடித்து, அதிலேயே கை பழகுங்கள்.

இப்போது என்னிடம் எப்போதும் இருப்பது எட்டு ட்யூப்தான். 3, 4, 5 ஆகிய இயற்கை நிறங்களில் இரண்டிரண்டு. தங்கச் சாயலில் 5.3 ஒன்று, மஹோகனியில் 4.5 ஒன்று. சுத்தக் கறுப்பான 1-ஐ நான் வாங்கி வைப்பதே இல்லை. முகத்தில் சுருக்கம் விழுந்த பிறகு கறுகறுவென்ற முடி முகத்தைக் கடுமையாக்கிவிடும். அதோடு, பின்னால் மனசு மாறிக் கொஞ்சம் வெளிர் நிறமாக வேண்டும் என்றால், போட்ட சாயத்தின் மேல் வேறு சாயம் போட்டு அதை வெளுக்க வைக்க முடியாது. "கறுப்பாவே போடு கண்ணு" என்று கேட்கிறவர்களுக்கு 3 போட்டுவிட்டுக் கண்ணாடியைக் காட்டுவேன். இதுவரை யாரும் கறுப்பு இல்லையே என்று குறைப்பட்டதில்லை.

சாயல் ட்யூபை நரை மேல் தனியாகப் போடாதீர்கள். பாதிக்கு மேல் நரைத்த தலைக்கு 4.5 மட்டும் கலந்து போட்டேன், ஆரம்பத்தில். கறுப்பாக இருந்த முடி அழகாகத்தான் வந்தது. நெற்றி ஓரத்து வெள்ளை முடி மட்டும் பீட்ரூட் சாறு பட்ட மாதிரி ஜொலித்தது. அந்த அம்மா கோபப்படவில்லை, முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கதவு வரை வந்து வழியனுப்பினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மறுநாள் போய் 4-ஐ மேலே போட்டுச் சரிசெய்தேன், காசு வாங்கவில்லை. நரை பாதிக்கு மேல் என்றால், பாதி இயற்கை நிறம், பாதி சாயல் நிறம் என்று கலக்க வேண்டும். வெள்ளை முடியில் நிறத்தின் அடித்தளம் இல்லை, அதை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

டெவலப்பரில் 20 வால்யூம் என்பது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. நரை மறைக்க அது ஒன்றே போதும். 10 என்றால் 3 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. மூன்று வருடத்தில் 20-ல் பெரிய பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்திருக்கிறது. 30-ல் சின்னது ஒன்றே ஓடுகிறது, இயற்கை நிறத்தை ஓரிரு படி இளசாக்கக் கேட்பவர்களுக்காக. 40-ஐ நான் வாங்கியதே இல்லை. ஒரு வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்கு அடியில், குழந்தைகள் குறுக்கே ஓடுகிற இடத்தில் அதற்கு வேலையில்லை. முடியை வெளுக்க வைக்கும் ப்ளீச் பவுடரும் அப்படித்தான். முதல் வருடம் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

டெவலப்பரை வண்டி டிக்கிக்குள் விடாதீர்கள். ஒரு சித்திரை மதியம் இரண்டு வீட்டுக்கு நடுவே சாப்பிட நிறுத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து சீட்டைத் தூக்கினேன். பாட்டிலின் பக்கங்கள் பலூன் போல் உப்பி, அடிப்பாகம் வளைந்து, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. மூடியைத் திறந்ததும் "புஸ்ஸ்" என்று காற்று வந்து ஓரத்தில் நுரை வழிந்தது. வெயிலோடு என்ஜின் சூடும் சேர, பெராக்சைடு ஆக்சிஜனாகவும் தண்ணீராகவும் பிரிய ஆரம்பித்துவிட்டது. அப்படிப் பிரிந்த அளவுக்கு வீரியம் குறையும். அதை வைத்துக் கலர் போட்டால் நரை பிடிக்காது, நாம் கலர் ட்யூபைத்தான் சந்தேகப்படுவோம். அதன் பிறகு அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் ஒளி புகாத சின்ன பாட்டிலில் ஊற்றித் தோள்பையில் வைத்துக்கொள்கிறேன். பெரிய பாட்டில் வீட்டில், அலமாரியின் அடித்தட்டில். மீந்ததைத் திரும்பப் பெரிய பாட்டிலில் ஊற்றவே கூடாது, ஒரு துளி அழுக்கோ உலோகமோ சேர்ந்தாலும் முழுவதும் கெடும். கிண்ணமும் உலோகத்தில் இருக்கக் கூடாது. கலந்த கலர் மிஞ்சினால் டப்பாவில் போட்டு மூடி வைக்காதீர்கள், காற்று உண்டாகி வெடிக்கும்.

இதுவரை வாங்கியதில் எனக்கு அதிகம் மிச்சப்படுத்தியது சமையலறைத் தராசு. கண் அளவில் கலந்த காலத்தில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு முழு ட்யூபைப் பிழிந்தேன். வேர்ப்பக்கத்துக்கு 30 கிராம் கலரும் 45 கிராம் டெவலப்பரும் சாதாரணமாகப் போதும். அடர்த்தியான தலைக்கு இன்னும் 10 கிராம். ட்யூபை அடியிலிருந்து மடித்து, காற்றை வெளியேற்றி, வாயைத் துடைத்து மூடினால் மிச்சம் அடுத்த தலைக்கு ஆகும். திறந்த தேதியை மேலேயே எழுதிவிடுங்கள்.

பேட்ச் டெஸ்டை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பெரும்பாலான நிரந்தரக் கலரில் பிபிடி என்ற பாராஃபினிலீன்டையமீனோ அதன் உறவுப் பொருளோ இருக்கும். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. "இருபது வருசமா டை அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாதுங்" என்பார்கள். இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட உடம்பு ஒருநாள் திடீரென்று மறுக்கலாம், இந்த ஒவ்வாமை அப்படித்தான் வரும். 'அமோனியா இல்லாதது' என்று பெட்டியில் போட்டிருந்தால் பயமில்லை என்பதும் தவறு. அமோனியா போனால் நெடி குறையும், பிபிடி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பெட்டியிலிருக்கும் குறிப்புச் சீட்டில் சொன்னபடி காதுக்குப் பின்னால் கலரைப் புள்ளியாகத் தொட்டு வைத்து, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். இதற்காகவே இரண்டு நாள் முன்னால் ஒரு நடை போகிறேன். பெட்ரோல் செலவைக் கூலியில் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

புதிய தலையானால் முதலில் கேட்க வேண்டியது, "மருதாணி போடுவீங்களாம்மா? எந்தப் பொடி?" அரைத்த இலை என்றால் கவலையில்லை, அது ஆரஞ்சு சாயல்தான் தரும். கறுப்பாக்கும் 'ஹென்னா' பொடிகள் பலவற்றில் பிபிடி கலந்திருக்கும். மெல்ல மெல்லக் கறுக்கும் சில சாயங்களில் உலோக உப்பு இருக்கும், அது பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியே பொசுங்கும். சந்தேகம் வந்தால் சீப்பில் வந்த நாலு முடியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூமும் சில சொட்டு அமோனியாவும் விட்டு அரை மணி நேரம் ஊற வைக்கிறேன். நுரைத்தாலோ சூடேறினாலோ நிறம் மாறினாலோ அந்தத் தலையில் கை வைப்பதில்லை.

"புருவத்துக்கும் லேசாத் தொட்டு விடும்மா" என்று கேட்காத வீடு அபூர்வம். தலைச் சாயத்தைப் புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, பார்வை போகும் ஆபத்து உண்டு என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் படித்துக் காட்டுவேன், அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

மற்ற சாமான்களில் சிக்கனம் பார்க்கலாம். இரண்டு பிரஷ், டெயில் கோம்ப், நாலு கிளிப், நைட்ரைல் கிளவுஸ், கறுப்புத் துண்டு ஆறு, தரையில் விரிக்கப் பழைய ஷவர் திரை. நெற்றி ஓரத்துக்கு வாசலின் போதும். தேங்காய் எண்ணெய் கறைக்கு நல்லது என்றாலும் வழிந்து முடிக்குள் இறங்கினால் அங்கே கலர் பிடிக்காது. அதனால்தான் முந்தின நாளே ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் இருக்கச் சொல்கிறேன். காதோர நரைதான் முரட்டு முடி, அங்கே முதலில் தொடங்கி, 35 நிமிடத்தை முழுதாக விடுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அலசினால் முடி பட்டாக நிற்கும். போர் தண்ணீர் மட்டும் உள்ள புது லேஅவுட்களில் உப்பு படிந்து கலர் மங்கலாகத் தெரியும், அங்கே கடைசி அலசலுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன்.

சரக்கை ஆவணிக்கும் தீபாவளிக்கும் முன்னால் கூட்டுங்கள், தை முகூர்த்தத்துக்கு மறுபடி. மார்கழியில் கல்யாணம் இல்லை, அந்த மாதத்துக்கென்று ட்யூப் வாங்கி அடுக்க வேண்டாம்.

இன்னொன்று, நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம்: தேதி, எண், கிராம், எத்தனை நிமிடம், பேட்ச் டெஸ்ட் என்ன சொன்னது. அதில் ஒரு பக்கம் இரண்டே வரியோடு நிற்கிறது. பேரன் கல்யாணத்துக்குக் கலர் கேட்ட பாட்டி ஒருவர். பேட்ச் டெஸ்டுக்குப் புள்ளி வைத்த மறுநாள் காலை மகள் கூப்பிட்டார், காதுக்குப் பின்னால் தடித்துச் சிவந்து அரிக்கிறது என்று. போய்ப் பார்த்தேன், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வீங்கியிருந்தது. தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன், கலரை நிறுத்திவிட்டேன். பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. கல்யாணத்தன்று விடிகாலை போய், அந்த வெள்ளை முடியைச் சிக்கெடுத்து, வழுவழுவென்று வாரிக் கொண்டை போட்டு, மூன்று முழம் மல்லிகை சுற்றிவிட்டு வந்தேன். இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டக் கூப்பிடுகிறார். அந்த வீட்டுக்குப் போகும்போது கலர் பையை எடுத்துப் போவதில்லை.