லேப்டாப்பில் பக்கவாத்தியம்: மேடைக்கு எந்த மென்பொருள்?

சேலத்தில் ஆடி பிறந்துவிட்டால் கீபோர்டு வாசிப்பவனுக்கு ராத்தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் கோவில் திருவிழா நடக்கும் நாட்களில் ஊரெங்கும் தெருவுக்குத் தெரு மேடை. முழு ஆர்கெஸ்ட்ரா கட்டுப்படியாகாத இடங்களுக்கு ஒரு பாடகரும் நானும் மட்டும் போவோம். தபலா, பேஸ், கிதார் எல்லாம் என் இடது கையிலிருந்துதான் வர வேண்டும். என் யமஹா கீபோர்டோ ஃப்ளாப்பி காலத்தது. புது ஸ்டைல் (ஒரு தாளத்துக்கான பக்கவாத்தியக் கோப்பு) ஏற்ற 1.44 எம்பி ஃப்ளாப்பிக்கு இனி எங்கே அலைவது? அதனால் ரிதத்தை லேப்டாப்பிடம் விட்டேன். பேண்ட்-இன்-எ-பாக்ஸ், ஒன் மேன் பேண்ட், வி-அரேஞ்சர் என்ற மூன்று மென்பொருள்களையும் பார்த்து, ஒன் மேன் பேண்டை எடுத்தேன்.

பேண்ட்-இன்-எ-பாக்ஸ் 1990 முதல் இருக்கிறது. கார்ட்ஸை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) வரிசையாக எழுதிக் கொடுத்தால் முழு பேண்டும் வாசித்துக் காட்டும். அதன் ரியல் ட்ராக்ஸ் நிஜக் கலைஞர்கள் வாசித்துப் பதிந்தவை. வீட்டில் சாதகம் செய்ய அருமை. ஆனால் மேடையில் பாட்டு எழுதி வைத்தபடி நடப்பதில்லை. சாமி ஊர்வலம் மேடைப் பக்கம் திரும்பினால் பாடகர் பல்லவியையே நாலு தடவை சுற்றுவார். அந்த நேரத்தில் என் விரலைக் கேட்டுத் தொடரும் மென்பொருள்தான் வேண்டும்.

மற்ற இரண்டும் அப்படித் தொடர்பவை. இடது கையில் கார்டு பிடித்தால் போதும். இன்ட்ரோ, மெயின், ஃபில், எண்டிங் எல்லாம் நாம் அழுத்தும்போது வரும். பக்கவாத்தியம் தானே வாசிக்கும் பழகிய அரேஞ்சர் கீபோர்டு போலவே இருக்கும், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒலி. யமஹா ஸ்டைல் கோப்பில் இருப்பது ஒலி அல்ல. எந்த எண்ணுள்ள வாத்தியம், எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்று கருவிகளுக்குச் சொல்லும் மிடி குறிப்புகள்தான். ஒலி உண்டாக்கும் வேறு கருவிக்கு அனுப்பினால் அந்த எண்ணில் அங்கே எது இருக்கிறதோ அது ஒலிக்கும். மெகா வாய்ஸ் என்ற யமஹாவின் தனி வகைக் கிதார் ஒலி உள்ள ஸ்டைல்களில் இது இன்னும் மோசம். அங்கே அழுத்த அளவை வைத்துத்தான் கம்பியை மீட்டுவதும் சறுக்குவதும் பிரிகின்றன. சாதாரண கிதாருக்கு அனுப்பினால் தாறுமாறாகக் கொட்டும். ஒவ்வொரு ஸ்டைலாக உட்கார்ந்து வாத்தியம் மாற்றுவது அரை மணி நேர வேலை. என் பென் டிரைவில் நானூறுக்கு மேல் இருக்கின்றன.

ஒன் மேன் பேண்டிலிருந்து மிடி கேபிள் வழியாக என் பழைய கீபோர்டுக்கே அனுப்பினேன். அது எக்ஸ்ஜி என்ற யமஹாவின் ஒலி வரிசை கொண்டது. பழைய யமஹா ஸ்டைல்களும் அதற்கென்றே எழுதப்பட்டவை. முதல் நாளே ஆறு-எட்டு தாளம் ஒன்றைப் போட்டேன். எதையும் தொடாமல் பேஸும் டிரம்ஸும் அப்படியே வந்தன! மிடியில் ஒரு ஸ்வரம் போய்ச்சேர ஒரு மில்லி செகண்டுதான் ஆகும் என்பதால் விரலுக்கும் ஒலிக்கும் இடைவெளி தெரியவில்லை. கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகள் நேராக அதன் ஒலியை இயக்கும் அமைப்பை) அணைக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை ஒலிக்கும். மெகா வாய்ஸ் ஸ்டைல்களை மட்டும் இன்னும் கையால்தான் சரிசெய்கிறேன், நாற்பது முடிந்திருக்கிறது.

வி-அரேஞ்சரை நண்பர் வீட்டில் இரண்டு மாலை வாசித்தேன், அவ்வளவுதான். மேடையில் எப்படி என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. யமஹாவோடு கோர்க், கெட்ரான் நிறுவனங்களின் ஸ்டைல்களையும் படிக்கிறது. சவுண்ட்ஃபாண்ட் (பதிவுசெய்த ஒலிக் கோப்பு), விஎஸ்டி (மென்பொருள் வாத்தியம்) ஒலிகளை உள்ளேயே ஏற்றிக்கொள்ளும். அதனால் கனமான கீபோர்டு வேண்டாம், சொந்த ஒலி இல்லாத கட்டைப் பலகையான சின்ன கன்ட்ரோலர் போதும். மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியவனுக்கு அதன் அருமை தெரியும்.

கையில் எக்ஸ்ஜி கீபோர்டு இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு வி-அரேஞ்சரையே சொல்வேன். அப்போது ஒலி லேப்டாப்பிலிருந்தே வருவதால் ஏஎஸ்ஐஓ (ஒலித் தாமதத்தைக் குறைக்கும்) டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் (வெளி ஒலி அட்டைக்கும்) சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 256 வைத்தால் தாமதம் சுமார் ஆறு மில்லி செகண்டு. அதற்கு மேல் பெரிதாக வைத்தால் வேகமான பாட்டில் விரல் முந்தி, ஒலி பிந்தும்.