ஈரக்காற்று ஊருக்கு எந்த டெலிஃபோட்டோ சூம்? சோனி, சிக்மா, டாம்ரான் ஓர் ஒப்பீட்டு அலசல்

சோனி இ-மவுண்ட் (சோனியின் லென்ஸ் இணைப்பு முறை) கேமராவில் விளையாட்டுப் படங்கள் எடுக்க, தொலைவில் இருப்பதை அருகே காட்டும் நல்ல டெலிஃபோட்டோ சூம் ஒன்று வேண்டும் என்று தேடியபோது நான்கு லென்ஸ்கள் என் பட்டியலில் மிஞ்சின: சோனியின் 70-200 மி.மீ. எஃப்/2.8 ஜிஎம் 2, சிக்மாவின் 70-200 மி.மீ. எஃப்/2.8 ஸ்போர்ட்ஸ், டாம்ரானின் 70-180 மி.மீ. எஃப்/2.8 ஜி2, சோனியின் 200-600 மி.மீ. எஃப்/5.6-6.3. மி.மீ. எண் கூடினால் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை அகன்று கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும். நான் வாங்கியது சிக்மா. ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம், ஒப்பீடுகளில் வழக்கமாக முதலிடம் பெறும் ஃபோகஸ் வேகமோ படத்தின் கூர்மையோ அல்ல. பினாங்கின் ஈரக்காற்றும், அதில் ஒரு லென்ஸ் எத்தனை ஆண்டு சுத்தமாக இருக்கும் என்ற கேள்வியும்தான்.

நான் எடுப்பவை பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் திடல்தடப் போட்டிகள், வார இறுதிக் காற்பந்து ஆட்டங்கள், மண்டபங்களில் நடக்கும் பூப்பந்துப் போட்டிகள். கேமரா, நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் சோனி ஆல்ஃபா 7 வரிசையின் நான்காம் பதிப்பு. பறவைகளையோ சிப்பாங் பந்தயத் தடத்து மோட்டார் சைக்கிள்களையோ எடுப்பவருக்குக் கணக்கு வேறாக இருக்கும்.

நான்கும் கூர்மையான லென்ஸ்கள். அச்சிட்ட படத்தைப் பார்த்து எது எந்த லென்ஸில் எடுத்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான்கிலும் நடுக்கக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் ஓடும் ஆளைப் பிடிக்கும்போது அதனால் பெரிய பயன் இல்லை. இவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

முதலில் 200-600 பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் திறந்த திடலில் அதற்கு நிகர் இந்தப் பட்டியலில் இல்லை. 50 மீட்டர் தொலைவில் பந்தோடு ஓடும் ஆட்டக்காரரை 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால் சட்டகத்துக்குள் 9 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் அடங்கும். அவர் அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்ப மாட்டார். 600 மி.மீ. லென்ஸில் அதே தொலைவில் 3 மீட்டருக்கு 2 மீட்டர்தான் அடங்கும், முகபாவம்கூடத் தெரியும். பத்து காவான் விளையாட்டரங்கம் போல ஓடுதடம் சுற்றியிருக்கும் இடங்களில் நாம் ஆட்டத்திலிருந்து இன்னும் விலகி நிற்கிறோம் என்பதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். தெலுக் பஹாங் அணையில் நடந்ததைப் போன்ற டிராகன் படகுப் போட்டிகளுக்கும் அதுவே பொருத்தமானது.

ஆனால் அதே லென்ஸை மண்டபத்துக்குள் கொண்டுபோனால் வெளிச்சம் போதாது. பூப்பந்து ஆட்டத்தில் எஃப்/2.8 துளையில் 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200 போதும் என்று வைத்துக்கொண்டால், எஃப்/5.6 துளையில் அது 12800 ஆகிவிடும்; 600 மி.மீ. முனையில் எஃப்/6.3 என்பதால் 16000 வரை போக வேண்டியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வருகிறது. படத்தில் புள்ளி பெருகுவதோடு, மங்கலான மண்டபத்தில் ஃபோகஸும் தயங்குகிறது. பூப்பந்து ஆடுகளத்தின் நீளமே 13.4 மீட்டர்தான், அதன் ஓரத்தில் நிற்பவருக்கு 600 மி.மீ. தேவையும் இல்லை. காற்பந்துக்கு 200 மி.மீ. குறைவாகப்படும்போது கேமராவை ஏபிஎஸ்-சி அளவுக்கு (உணரியின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் முறைக்கு) மாற்றிக்கொண்டால் 300 மி.மீ. லென்ஸின் பார்வை கிடைக்கும். 33 மெகாபிக்சல் ஏறத்தாழ 14 ஆகக் குறையும், பள்ளி மலருக்கும் கைத்தொலைபேசித் திரைக்கும் அது தாராளம். வெளியில் மட்டுமே எடுப்பவர் இந்தப் பத்திக்குப் பிறகு மேலே படிக்க வேண்டியதில்லை, அவருக்குரியது 200-600தான். அதன் எடை 2115 கிராம், ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் ஒரு நாள் முழுவதும் தூக்கித் திரிய முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளட்டும்.

எஃப்/2.8 லென்ஸ்கள் மூன்றிலும் ஃபோகஸ் செய்வது லீனியர் மோட்டார். பல்சக்கரங்கள் இல்லாமல் காந்த விசையால் கண்ணாடித் தொகுதியை நேரடியாக நகர்த்துவதால் அது விரைவாகவும் ஓசையின்றியும் இயங்குகிறது. சோனியில் அத்தகைய மோட்டார்கள் நான்கு இருக்கின்றன. விரைவு ஏன் தேவை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 200 மி.மீ., எஃப்/2.8, 10 மீட்டர் தொலைவு என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 40 சென்டிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். நூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிக் கோட்டை நோக்கி ஓடிவரும் ஆறாம் ஆண்டு மாணவி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்தால், 10 படங்கள் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 70 சென்டிமீட்டர் முன்னேறிவிடுவாள். அதாவது, ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் புதிதாக ஃபோகஸ் செய்தாக வேண்டும். முந்தைய படத்தின் ஃபோகஸை வைத்து அடுத்ததை ஒப்பேற்ற முடியாது.

இந்தச் சோதனையில் சோனி முதலாவது என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பரிடம் இரவல் பெற்றுப் பயன்படுத்தியபோது, நேராக நம்மை நோக்கி வருபவரை அது விடாமல் பற்றிக்கொண்டதைக் கண்டேன். சிக்மா அதற்கு ஒரு சிறு அடி பின்னே நிற்கிறது. தொடர்ச்சியாக எடுத்த படங்களில் இடையில் ஒன்று சற்று மென்மையாகிவிடுவது சிக்மாவில் கொஞ்சம் கூடுதல். டாம்ரான் பகல் வெளிச்சத்தில் சிக்மாவுக்குக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதை மண்டபத்துக்குள் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை என்பதால் அங்கே எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. எப்படியிருந்தாலும், யாரைத் தொடர வேண்டும் என்று முடிவெடுப்பது கேமரா; லென்ஸ் அந்தக் கட்டளையை நிறைவேற்றுகிறது. இந்த மூன்றில் எதை வாங்கினாலும் பள்ளிப் போட்டிக்கு வேகம் தடையாக இராது.

அப்படியானால் 855 கிராம் எடையும் குறைந்த விலையும் கொண்ட டாம்ரானை ஏன் விட்டேன்? அதன் குழல் நீள்கிறது. 70 மி.மீ. நிலையிலிருந்து 180 மி.மீ. நிலைக்குத் திருப்பும்போது முன்பகுதி வெளியே வருகிறது. திரும்பும்போது உள்ளே போகிறது. சோனியின் இரு லென்ஸ்களிலும் சிக்மாவிலும் சூம் செய்யும் கண்ணாடிகள் குழலுக்குள்ளேயே நகர்கின்றன, வெளி நீளம் மாறுவதில்லை.

குளிர்ந்த, வறண்ட நாட்டில் இருப்பவர் இதைப் பையில் வைக்கும் வசதி என்ற அளவில் மட்டும் பார்ப்பார். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊரில் அது வேறு பொருள் தருகிறது. நீளும் குழலுக்குள் இருக்கும் இடத்தின் கொள்ளளவு ஒவ்வொரு திருப்பலிலும் கூடிக் குறைகிறது. கூடும்போது வெளிக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது, குறையும்போது வெளியேறுகிறது. கொல்லன் உலைத் துருத்தி போல இது நடக்கிறது. காற்பந்து ஆட்டத்தில் கை சூம் வளையத்தை விட்டு நீங்குவதே இல்லை. ஒவ்வொரு முறையும் ஈரமும் திடலின் தூசியும் பூஞ்சை வித்துகளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வழி ஏற்படுகிறது.

அடுத்தது மழை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை ஆட்டம் என்றால் மழையும் உடன் வரும் என்று எண்ணித்தான் கிளம்ப வேண்டும். நீண்ட நிலையில் நனைந்த குழலை அப்படியே உள்ளே தள்ளினால் அதன் மேலிருக்கும் நீரும் இணைப்பை நோக்கிப் போகும். டாம்ரான் ஈரத்தைத் தடுக்கும் அடைப்புகளோடுதான் வருகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துடைத்துவிட்டுச் சுருக்க வேண்டும் என்பதை, பந்து கோல் முனைக்கு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நீளம் மாறாத லென்ஸுக்கு மழை உறையை ஒருமுறை கட்டிவிட்டால் போதும்; தாங்கியின் மேல் அதன் எடைச் சமநிலையும் மாறாது.

இவை இரண்டையும் விட நான் அஞ்சுவது குளிரூட்டிய மண்டபத்தை விட்டு வெளியே வரும் நேரம். பாயான் பாருவின் ஸ்பைஸ் அரங்கு போன்ற இடத்தில் சில மணி நேரம் இருந்த லென்ஸின் கண்ணாடி நன்றாகக் குளிர்ந்திருக்கும். நம் வெளிக்காற்றின் பனிநிலை வெப்பம் பெரும்பாலும் 24 பாகையை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் நீர் படியும். வெளிக்கண்ணாடியில் படிந்தால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் அந்த வேளையில் குழலை நீட்டினால் ஈரக்காற்று குளிர்ந்த உட்கண்ணாடிகளைத் தேடிப் போகிறது. அங்கே படிந்த ஈரத்தைத் துடைக்கக் கை எட்டாது. எந்த லென்ஸாக இருந்தாலும், மண்டபத்துக்குள்ளேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரமாவது கழித்துத் திறப்பது நல்லது. நீளும் குழல் கொண்டவர்களுக்கு இது விருப்பமல்ல, கட்டாயம்.

உள்ளே போன ஈரம் வெளியேறாவிட்டால் பூஞ்சை வரும். சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகளாகத் தொடங்கி, நாளடைவில் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பிரித்துத் துடைக்கலாம். ஆனால் பல கண்ணாடித் தொகுதிகள் கொண்ட லென்ஸைப் பிரித்தால் மறுபடியும் நேர்கோட்டில் பொருத்துவது எளிதல்ல, கூலியும் குறைவல்ல. பூச்சு அரிக்கப்பட்ட பிறகு சரிசெய்ய வழியில்லை. திடலின் உயர்விளக்குகள் சட்டகத்துக்குள் வரும்போதெல்லாம் படம் வெளிறிப்போகும்.

சிக்மா காற்றுப் புகாத பெட்டி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் உள்ளேயும் கண்ணாடிகள் நகர்கின்றன, லென்ஸ் மாற்றும்போது பின்பக்கம் திறக்கிறது, பைக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்தால் அதுவும் பூஞ்சை பிடிக்கும். நீளும் குழலால் ஆபத்து எத்தனை மடங்கு கூடுகிறது என்று எண்ணில் சொல்லவும் என்னால் இயலாது. கோலாலம்பூரிலும் ஜார்ஜ்டவுனிலும் பழைய லென்ஸ்களைக் கடைகளில் எடுத்துப் பார்த்த அளவில், உள்ளே தூசியும் இழையும் தெரிந்தவற்றில் நீளும் வகை கூடுதலாக இருந்தது என்பது என் அனுபவம், அவ்வளவே. எந்த வகையானாலும் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினட் வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், அவ்வப்போது சூடாக்கிக் காயவைத்த சிலிக்கா ஜெல்லும் போதும்.

இந்தப் பராமரிப்புக் கேள்வியே மறுவிற்பனைக் கேள்வியும் ஆகிறது. இங்கே பழைய லென்ஸ் வாங்க வருபவர் முதலில் செய்வது, கைத்தொலைபேசி விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் கண்ணை வைப்பதுதான். வெளிக்கீறலுக்குப் பேரம் பேசுவார், தூசியைப் பொறுத்துக்கொள்வார், ஓர் இழை தெரிந்தால் எழுந்து போய்விடுவார். குறைந்த விலைக்கு வாங்கினோம் என்ற ஆதாயம் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும்.

ஆக, மிஞ்சுபவை சோனியும் சிக்மாவும். சோனி ஜிஎம் 2 2021இல் வந்தது, தாங்கி வளையம் இல்லாமல் எடை 1045 கிராம். சிக்மா 2023இல் வந்தது, இ-மவுண்ட் பதிப்பின் எடை 1335 கிராம். கையில் பிடித்தால் அந்த 290 கிராம் நன்றாகத் தெரியும். மதியத்துக்கு மேல் தோள் அதைச் சொல்லும். அறிமுகமானபோது அமெரிக்காவில் சோனியின் விலை 2,799 டாலர், சிக்மாவுடையது 1,499 டாலர், டாம்ரானுடையது 1,299 டாலர். ரிங்கிட்டில் கடைக்குக் கடை விலை மாறினாலும், சிக்மா டாம்ரானுக்கு அருகிலும் சோனி வெகு தொலைவிலும் நிற்பது மாறுவதில்லை. பழைய சந்தையில் சோனிக்கே மதிப்பு அதிகம். ஆனால் தொடக்கத்தில் போட்ட பணமும் அதற்கே அதிகம் என்பதால், கையை விட்டுப் போகும் ரிங்கிட்டைக் கணக்கிட்டால் சிக்மாக்காரர் நட்டப்பட்டவர் அல்லர்.

சோனிக்கு உரிய இரண்டு அனுகூலங்களை மறைக்கக் கூடாது. ஒன்று, டெலிகன்வர்ட்டர்; அதாவது லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தி மி.மீ. எண்ணைக் கூட்டும் துணைக்கருவி. சோனியில் 1.4 மடங்கு கன்வர்ட்டரை இணைத்தால் 98-280 மி.மீ. எஃப்/4 ஆகவும், 2 மடங்கில் 140-400 மி.மீ. எஃப்/5.6 ஆகவும் மாறும். மண்டபத்துக்கும் திடலுக்கும் ஒரே லென்ஸ் போதுமானதாகிவிடும். வேறு நிறுவனக் கேமராக்களுக்கான சிக்மாவின் எல்-மவுண்ட் பதிப்புக்கு அந்த வசதி உண்டு, இ-மவுண்ட் பதிப்புக்கு இல்லை. மற்றொன்று, ஆல்ஃபா 1, ஆல்ஃபா 9 வரிசைக் கேமராக்களில் பிற நிறுவன லென்ஸ்களுக்கு நொடிக்கு 15 படங்கள் என்ற வரம்பு இருக்கிறது. 30 படங்கள் எடுக்கும் ஆல்ஃபா 1 வைத்திருப்பவர் சிக்மாவை வாங்கினால், காசு கொடுத்து வாங்கிய கேமரா வேகத்தில் பாதியை இழக்கிறார். அவருக்கும், பத்திரிகைக்குப் படம் கொடுத்துப் பிழைப்பவருக்கும் நான் சோனியையே சொல்வேன்.

என் கேமரா 10 படங்களுக்கு மேல் எடுக்காது என்பதால் அந்த வரம்பு என்னைத் தொடவில்லை. கன்வர்ட்டர் இல்லாத குறையை மட்டும் பெரிய திடல்களில் உணர்கிறேன். சோனிக்கும் சிக்மாவுக்கும் இடையே மிஞ்சிய தொகையில் ஒரு டிரை கேபினட்டும் நல்ல ஒற்றைக்கால் தாங்கியும் வாங்கினேன். 200-600 இரண்டாம் கைக்கு நல்ல நிலையில் கிடைத்தால் காற்பந்துக்கென்று அதையும் சேர்த்துக்கொள்ள எண்ணம் இருக்கிறது. அதையும் விளக்கு அடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.