துண்டு வந்தால் எது மிஞ்சும்? பேச்சை ஒழுங்குபடுத்த மூன்று வழிகள்

வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீடு. அழைப்பிதழில் ஐந்தரை மணி. விளக்கேற்றியது ஆறு பத்துக்கு. தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள் எல்லாம் கடந்து என் முறை வந்தபோது ஏழே முக்கால். பத்து நிமிடத்துக்கு ஆயத்தம் செய்திருந்தேன். நாலாவது நிமிடத்தில் தலைவரிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்: "சுருக்கவும்." நான் அப்போது நூலாசிரியரின் பள்ளிக்கூட நாட்களில் நின்றுகொண்டிருந்தேன். நூலுக்கு இன்னும் வரவேயில்லை.

அன்றிலிருந்து எந்தப் பேச்சு ஒழுங்கையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: பாதியில் வெட்டினால் எது மிஞ்சும்?

அன்று நான் பிடித்தது கால வரிசை. பிறப்பு, படிப்பு, முதற்கதை, இந்த நூல். ஞாபகம் வைக்கச் சுகம், ஒன்று மற்றதை இழுத்து வரும். ஆனால் சொல்ல வந்தது கடைசியில் கிடக்கிறது. வெட்டு விழுந்தால் அதுதான் போகும். வழியே பிழை என்றும் சொல்ல முடியாது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பேர்க்கில் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் பேசியதும் கால வரிசையில்தான்: 87 ஆண்டுகளுக்கு முன் நாடு பிறந்தது, இப்போது உள்நாட்டுப் போர், இனி உயிரோடிருப்பவர்கள் செய்யவேண்டியது. ஆனால் அவர் பழைய காலத்துக்குக் கொடுத்தது ஒரே வாக்கியம். முழுப் பேச்சும் ஏறக்குறைய 270 சொற்கள். அவருக்கு முன் அன்றைய முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். நமது மேடைகளில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்தது, பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ 1930களில் வகுத்த ஐந்து படி: கவனத்தை இழு, தேவையைக் காட்டு, தீர்வைச் சொல், அது நடந்தால் எப்படியிருக்கும் என்று கண்முன் நிறுத்து, செய்யச் சொல். பழைய மாணவர் சங்கத்தில் காசு சேர்க்க இதைவிட நல்லது இல்லை. நூலகக் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற இவ்வளவு செலவு. மாற்றினால் மழை நாளிலும் பிள்ளைகள் உள்ளே இருந்து வாசிப்பார்கள். போகும்போது வாசல் மேசையில் பெயர் பதியுங்கள். துண்டு வந்தால் நேரே மேசைக்குத் தாவிவிட வேண்டும், இல்லாவிட்டால் சபை கூரைக் கவலையோடு மட்டும் வீடு போகும். நினைவுக் கூட்டத்தில் மட்டும் இதைத் தொடாதீர்கள். வியாபார வாடை அடிக்கும்.

என் வாக்கு மூன்றாவதற்கு: மூன்றே விடயங்கள். பலமானது முதலில், அடுத்த பலம் கடைசியில், மெலிந்தது நடுவில். கேட்பவர் மனதில் தொடக்கமும் முடிவும்தான் நன்றாகத் தங்கும். ஆகவே துண்டு வந்தால் நடுவைத் தூக்கிவிடலாம். ஒரு கவனம்: "மூன்று விடயங்கள் சொல்லப்போகிறேன்" என்று ஆரம்பத்தில் வாய்விடக் கூடாது. முன்வரிசையில் ஒருவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருப்பார். இந்த வழியின் குறை, உயர்தர ரியூசன் குறிப்பு மாதிரி வறண்டுபோவது. ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு சம்பவம் வைத்தால் சரி.

நன்றியுரைக்கு இந்த அலசல் எதுவும் வேண்டாம். அதற்குள் பாதிச் சபை ரோல்ஸும் தேநீரும் இருக்கிற பக்கம் எழுந்துவிடும். ஒரு பெயரும் விடாமல் வாசித்தால் போதும்.