எடை மேடையில் தொடங்கிய வைத்தியம்: மாதவரம் பட்டறையில் எங்கள் கேம்பர் வேன்

மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டி, லாரிகள் மட்டுமே நுழையும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்தப் பட்டறை. பக்கக் காற்றிலும் லாரி முந்தும்போதும் அலைந்த எங்கள் வேனைச் சரிசெய்தது இங்கேதான். நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்றுக்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

போன ஆடியில் கன்னியாகுமரிக்குப் போனோம். வண்டி, பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டியது. வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டியரிங் எப்போதும் என் கையில்தான். கோவில்பட்டி வரை ஒன்றும் இல்லை. கயத்தாறு நெருங்கும்போது மேற்கிலிருந்து காற்று. சாலையின் இருபுறமும் காற்றாலைகளை ஏன் நட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உடம்பு புரிந்துகொண்டது. வண்டியை நேராக வைக்க, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வலப்பக்கமாக ஒரு கன்டெய்னர் லாரி முந்தியது. லாரி காற்றை மறைத்த நொடியில், நான் பிடித்திருந்த பிடியே வண்டியை லாரியின் மேல் கொண்டுபோனது. உதறி இழுத்தேன். லாரி தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளியது. அதன்பின் நாகர்கோவில் வரை நாற்பதிலேயே உருட்டினேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவே இல்லை, அதுவே பெரிய அதிசயம்.

சென்னை திரும்பியதும் முதலில் போனது எங்கள் பகுதியில் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் ஒரு கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்கு. காலி வண்டியை ஏற்றி, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குரூவை இறுக்கி அனுப்பினார்கள். ஆட்டம் போனது. ஆனால் திருப்பினால் சக்கரம் தானாக நடுவுக்குத் திரும்பாமல் திருப்பிய இடத்திலேயே நின்றது. முன்னைவிட மோசம்.

அடுத்து, டெக்சாஸில் இருக்கும் நாத்தனார் மகன் வீடியோ அனுப்பினான். அங்கே பெரிய மோட்டார்ஹோம்களில் ஸ்பிரிங்கோடு கூடிய ஸ்டியரிங் டேம்பர் மாட்டுகிறார்களாம், சக்கரத்தை அது நடுவிலேயே பிடித்து வைக்கிறதாம். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் விசாரித்தேன். டேம்பரும் பிராக்கெட் செய்யும் கூலியும் சேர்த்து 18,000 ரூபாய் சொன்னார்கள். அதை மாட்டத்தான் பாயிடம் போனேன்.

பாய் வீடியோவை முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான்மா. டயர் வெடிச்சா, பள்ளத்துல விழுந்தா, கை உதறாமப் பிடிக்கும். ஆனா இப்பவே போட்டா எது கெட்டதுனே தெரியாமப் போயிடும். வண்டியை எடை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். போட்டதில்லை. "ஊருக்குப் போறப்ப எப்படிப் போவீங்களோ அப்படியே நிரப்பிட்டு வாங்க. தண்ணி, கேஸ், அரிசி, சாரு எல்லாம்."

சாரையும், அதாவது வீட்டுக்காரரையும், ஏற்றிக்கொண்டு மறுநாள் போனோம். பக்கத்து எடை மேடையில் முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியை ஏற்றி இன்னொன்று. மொத்தம் 3,380 கிலோ. அதில் முன் அச்சில் வெறும் 1,120.

பாய் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 180 லிட்டர் தண்ணீர் டேங்க், பின் அச்சுக்கும் பின்னால் 1.2 மீட்டர் தள்ளி இருந்தது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.35 மீட்டர். ஏற்றப்பலகையில் ஒரு நுனியில் உட்கார்ந்தால் மறுநுனி எழும்புகிற மாதிரி, அந்த டேங்க் மட்டுமே முன் அச்சிலிருந்து அறுபத்து நாலு கிலோவைத் தூக்கிவிடுகிறது. அதன் மேல் பேட்டரி, சைக்கிள், சிலிண்டர், என் மாமியாரின் இட்லிப் பானை எல்லாம் வாலில்தான். உயரமான பெட்டி வண்டியில் பக்கக் காற்றின் அடி முன்பாதியில்தான் அதிகம் விழும். அம்புக்கு எடை முனையில், இறகு வாலில், அதனால்தான் நேராகப் போகிறது. நாங்கள் இத்தனை நாளும் இறகை முன்னால் வைத்து எய்துகொண்டிருந்திருக்கிறோம்.

முதல் வேலை, டேங்கை என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சுக்கு அடியில் கொண்டுவந்தது. பேட்டரியும் முன்னால் வந்தது. மறுபடி எடை போட்டால் முன் அச்சில் 1,340, பின்னால் 2,040. ஒரு கிலோவைக்கூட வண்டியிலிருந்து இறக்கவில்லை, இடம்தான் மாறியது.

அப்புறம்தான் அடியில் படுத்தார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டு, டை ராடு எண்டு, ஒன்று தேய்ந்திருந்தது, மாற்றினார். வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் பின் ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ்கள் பொடிப்பொடியாக இருந்தன, மாற்றினார். ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குரூவைத் தளர்த்தி, விரலளவு ஆட்டம் விட்டு வைத்தார்.

பிறகு, "முன் கமான் பட்டைக்கு ஆப்பு வைக்கணும்மா" என்றார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நிஜமாகவே ஆப்புதான். வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே, தடித்த பக்கம் பின்னால் வருகிற மாதிரி வைக்கும் சரிவான இரும்புத் துண்டு. சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டுகிறோமே, சக்கரம் தானாக நேராவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். அந்தச் சாய்வுக்கு காஸ்டர் என்று பெயர். எடை முன்னால் வந்ததில் வண்டியின் மூக்கு தாழ்ந்து, இருந்த சாய்வும் குறைந்துவிட்டதாம். அதை ஈடுகட்டி இன்னும் கொஞ்சம் கூட்டுவதற்கு இரண்டு டிகிரி ஆப்பு. வைத்தபின் ஸ்டியரிங் சற்றுக் கனமாகிவிட்டது. பார்க்கிங்கில் தோள் வலிக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது, வண்டியின் இருபுறமும் நூல் கட்டி ஸ்கேல் வைத்து அளந்தார். முன் சக்கரங்களின் முன்பக்கம் லேசாக வெளியே விரிந்திருந்தது. சாலையில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் வண்டி மூக்கை நுழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு மில்லிமீட்டர் உள்ளே சாய்த்து வைத்தார், அதையும் டேங்க் நிறைந்து நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தபோதுதான். முன் டயரில் 70 பி.எஸ்.ஐ. காற்று இருந்ததை 52 ஆக்கினார். இது எங்கள் எடைக்கும் எங்கள் டயருக்குமான கணக்கு. உங்கள் வண்டியை எடை போட்டு, டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து வையுங்கள், இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சோதனைக்கு இரண்டு சாலைகள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலையில் எண்பதில் போனேன். லாரி முந்தும்போது முதலில் வெளியே ஒரு தள்ளு, பிறகு உள்ளே ஒரு இழுப்பு. இரண்டும் இப்போதும் இருக்கின்றன, ஆனால் இரண்டு விரல் திருத்தத்தில் அடங்கிவிடுகின்றன. இன்னொன்று ஈ.சி.ஆர்., மதியம் மூன்று மணி. கடற்காற்று நன்றாக ஏறியிருக்கும் நேரம். தெற்கே போகும்போது அது இடப்பக்கமிருந்து அடிக்கும், முட்டுக்காடு பாலத்தில் மறைக்க ஒன்றுமே இல்லை. முன்பு அந்தப் பாலத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இந்த முறை வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார், குடித்துக்கொண்டே தாண்டினேன். (ஒற்றைக் கையால் ஓட்டக்கூடாது. தெரியும்.)

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆம்னி பஸ் நூறில் உரசிக்கொண்டு போனால் வால் இன்னும் ஒரு அசை அசைகிறது. பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்கு ராடு போடலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலும் இதைச் செய்கிறார்கள் என்று நாத்தனார் மகன் சொன்னான். இந்த ஆடி போய்வந்தபின் முடிவு செய்வேன். காற்று பலமாக அடித்தால் அறுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை, அதற்கு எந்தப் பட்டறையிலும் மருந்து கிடையாது.

இனி அந்த ஒரு நட்சத்திரம். நாலு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. பெண்கள் போக கழிப்பறை இல்லை. எங்கள் வண்டியிலேயே இருந்ததால் பிழைத்தேன். பில் துண்டுச் சீட்டில்தான். முதல் நாள் பட்டறைப் பையன்கள் எல்லா விளக்கத்தையும் வீட்டுக்காரரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் "எனக்கு சைக்கிள்தான் தெரியும் தம்பி" என்றபின்தான் என் பக்கம் திரும்பினார்கள். பாய் மட்டும் முதல் கேள்வியையே என்னிடம்தான் கேட்டார்.

மொத்தச் செலவு 14,600 ரூபாய், டேங்க் மாற்றிய வெல்டிங் கூலியும் சேர்த்து. டேம்பர் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், அந்த நேரம் போகாதீர்கள்.

இன்னொரு தொந்தரவு, டேங்கில் தண்ணீர் அலையாமல் தடுக்கும் தகடு இல்லை. பாதி நிறைந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் வந்து மோதுகிறது, வளைவில் வெளிப்பக்கம் சாய்கிறது. அதனால் இப்போதெல்லாம் கிளம்பும்போது ஒன்று முழு டேங்க், இல்லாவிட்டால் காலி டேங்க். பாத்திரம் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று வீட்டுக்காரர் முழு டேங்க் பக்கம். அவர்தான் கழுவுகிறார், அதனால் விட்டுவிட்டேன்.