ஹார்மோன் பாடம்: அட்டவணையா, அம்புக்குறியா, பழைய சோதனைகளா?

அக்கா மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நவம்பரில் நடக்கும் உயிரியல் ஒலிம்பியாட் முதல்கட்டத் தேர்வை எழுதப்போகிறாள். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை முடித்துவிட்டேன் என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நாலு வண்ண ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டமாக அட்டவணை: சுரப்பி, ஹார்மோன், வேலை, குறைந்தால் வரும் நோய். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஒருத்தருக்கு டி4 குறைவு, டிஎஸ்ஹெச்சும் குறைவு. கோளாறு எங்கே?" டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன். டிஎஸ்ஹெச், தைராய்டைத் தூண்ட மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்.

"தைராய்டுல, மாமா."

தப்பு. தைராய்டு மட்டும் படுத்துவிட்டால், 'இன்னும் சுர' என்று பிட்யூட்டரி அதட்டும், டிஎஸ்ஹெச் ஏறும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் அதட்டுகிற இடத்திலேயே, அதாவது பிட்யூட்டரியிலோ அதற்கும் மேலே மூளையில் உள்ள ஹைப்போதலாமஸிலோ கோளாறு. அவள் அட்டவணையில் இதற்குக் கட்டமே இல்லை.

அட்டவணை வீண் என்று சொல்லவில்லை. பள்ளித் தேர்வுக்கு அதுவே போதும், கடைசி நாள் புரட்டவும் வசதி. 'பெப்டைடா, ஸ்டீராய்டா' என்று இன்னொரு பத்தி சேர்த்தால் ஒலிம்பியாடுக்கும் கொஞ்சம் உதவும். பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) செல்லின் வெளிச்சவ்வில் அதைப் பிடிக்கும் ஏற்பியோடு நின்றுவிடும். ஸ்டீராய்டு (கொலஸ்டிராலிலிருந்து வருவது) உள்ளே போய் மரபணுவையே தூண்டும். தைராய்டு ஹார்மோன் அமினோ அமிலத்திலிருந்து வந்தாலும் ஸ்டீராய்டு மாதிரி உட்கருவில் வேலை செய்கிறது. கேள்வி போடுபவர்களுக்கு இந்த மாதிரி விதிவிலக்கு என்றால் அல்வா.

ஆனால் என் ஓட்டு அம்புக்குறிப் படத்துக்குத்தான். ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சுரப்பி, கடைசி ஹார்மோன். அங்கிருந்து மேல்நோக்கித் திரும்பும் ஒரு கோடு, அதன் முனையில் கழித்தல் குறி, அதாவது 'போதும்' என்ற தடுப்பு. அவ்வளவுதான் படம். அயோடின் இல்லையென்றால் கழுத்து ஏன் வீங்குகிறது என்பதைத் தனியாக உருப்போட வேண்டாம்: டி4 குறையும், தடுப்பு விலகும், டிஎஸ்ஹெச் ஏறும், அது விடாமல் தூண்டித் தைராய்டை வளர்க்கும். அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயில் தோல் கருப்பதும் இதே கதை. அட்ரினல் சுரக்கும் கார்டிசால் இல்லாததால், அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஹெச் எகிறுகிறது. அது வெட்டி எடுக்கப்படும் அதே தாய்ப்புரதத்திலிருந்து நிறமியைத் தூண்டும் எம்எஸ்ஹெச்சும் வருகிறது. அட்டவணையில் இரண்டு வரி மனப்பாடம், படத்தில் ஒரே கோடு. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்கிற தேர்வில் இந்த நிச்சயம் பெரிய விஷயம்.

மூன்றாவது வழி, பழைய சோதனைகளை வரிசையாகப் படிப்பது. 1849-இல் ஜெர்மனியில் உடலியங்கியல் அறிஞர் பெர்தோல்ட் ஆறு சேவல் குஞ்சுகளை வைத்துச் செய்தது எனக்குப் பிடித்தது. விந்தகத்தை எடுத்தால் கொண்டை வளரவில்லை, சண்டைக் குணமும் இல்லை. எடுத்த விந்தகத்தை வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்தால் கொண்டை சிவந்து வளர்ந்தது, கூவவும் செய்தது. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. புது இடத்தில் ரத்த ஓட்டம் மட்டும் கிடைத்தது. அப்படியானால் செய்தி ரத்தத்தில்தான் போகிறது! 'ஹார்மோன்' என்ற சொல்லை ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஸ்டார்லிங் பயன்படுத்தியது 1905-இல்தான்.

இந்த வழியில் 'எலியின் பிட்யூட்டரியை எடுத்தால் என்ன ஆகும்' வகைக் கேள்விகள் பழகிவிடும். குறை என்னவென்றால் நேரம். பாடம் முழுக்க இப்படிப் படித்தால் நவம்பர் வந்துவிடும். நாலைந்து சோதனை போதும்.

சரி, படத்தில் குறையே இல்லையா? உண்டு. வரைந்து வரைந்து எல்லாவற்றின் தலையிலும் பிட்யூட்டரியை உட்கார வைக்கும் பழக்கம் வந்துவிடும். பிட்யூட்டரியை எடுத்த அந்த எலிக்கு அட்ரினல் புறணியின் (சுரப்பியின் வெளிப்பகுதி) உள்ளடுக்குகள் சுருங்கும். உடலில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் வெளியடுக்கு பெரும்பாலும் தப்பிக்கும், ஏனென்றால் அதை முக்கியமாக நடத்துவது ரத்த அழுத்தம் குறைந்தால் உருவாகும் ஆஞ்சியோடென்சினும் ரத்தப் பொட்டாசியமும். இன்சுலினுக்கும் பிட்யூட்டரி எஜமான் இல்லை, குளுக்கோஸ் அளவுதான்.

இதையெல்லாம் சொல்லி, அட்டவணையைக் கடைசி வாரத்துக்கு எடுத்து வைத்துவிட்டுப் படமாக வரையச் சொன்னேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தைராய்டு, அட்ரினல், சூலகம் எல்லாம் கச்சிதம். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுக்கு மேலேயும் ஒரு பிட்யூட்டரி வரைந்திருந்தாள். அதை அடித்துவிட்டு 'ரத்தக் கால்சியம்' என்று எழுதச் சொன்னேன்.