ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ்50: குளிர்நீருக்கு என் தேர்வு

காற்று சிலிண்டருடன் ஏரி, கடல் இரண்டிலும் மூழ்குகிறேன். இரண்டுக்கும் இந்த ஒரே ரெகுலேட்டர்தான், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி. சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலை டயாஃப்ரம் (வளையும் சவ்வு) வகை, நீர் புகாதபடி மூடியது. குளிர்நீரில் அதுதான் முக்கியம். அழுத்தம் குறையும்போது காற்று சட்டென்று குளிரும். 10 டிகிரிக்குக் கீழே, ஸ்பிரிங்கைச் சுற்றி நீர் இருந்தால் அது உறைந்து வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். அப்புறம் சிலிண்டர் காலியாக அதிக நேரம் ஆகாது. சேறும் மணலும்கூட மூடிய முதல் நிலைக்குள் போக வழியில்லை. ஆழத்திலும் மூச்சு இலகுவாக வருகிறது. குமிழிகள் கண்ணை மறைக்கக் கூடாதென்று அகலமான வெளியேற்றுக் குழாயை மாட்டியிருக்கிறேன். வெதுவெதுப்பான, தெளிந்த நீரில் மட்டும் மூழ்குபவருக்கு இவ்வளவு தேவையில்லை, பைதான் கனக்கும். சவ்வுக்குப் பதில் பிஸ்டன் உள்ள எளிய வகையே போதும். வாங்கினால் சிலிண்டர் வால்வில் திருகி மாட்டும் டிஐஎன் இணைப்பைக் கேளுங்கள். 300 பார் அழுத்தச் சிலிண்டருக்கு, வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் இணைப்பு சரிவராது.